தொட்டிலருகே நின்ற கவிஞர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



சங்கப் பாடல்களைப் பாடியோர் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வாணிகர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வாணிகர். மதுரைக் கணக்காயனார் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர். மருத்துவன் தாமோதரனார், பெயரே சொல்லுவது போல, நோய் தீர்த்தவர். இப்பெயர்களில் தொழிலின் பெயர் கவிஞரின் பெயருக்கு முன்னே நிற்கிறது. தொழிலை மறைத்துக்கொண்டுதான் புலவராக வேண்டும் என்ற எண்ணம் பாடியோர்க்கும் இல்லை, பெயர்களைப் பேணித் தந்தோர்க்கும் இல்லை எனலாம்.

இன்றோ கவிஞர் கூடும் இடமெல்லாம் வேறொரு குரல் கேட்கிறது. அலுவலகக் கோப்பும், திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டும், கடைக்கணக்கும், அடுக்களையும் கவிதைக்குரிய பொழுதைத் தின்றுவிடுகின்றன என்பதே அக்குரல். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நல்ல கவிஞர் சிலர் எழுதாமலே போனதற்கு இது காரணமாக இருந்திருக்கிறது. எனினும் தொழில் கவிதைக்குப் பகையாக மட்டுமே இருக்க இயலுமா, ஊற்றாகவும் இருக்கக்கூடுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த ஒருவரைப் பற்றியது இவ்வுரை. அவர் அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றின் குடும்ப மருத்துவர். குழந்தை மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவர். பெயர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ்.

ஒரே ஊர், ஒரே வீடு

வில்லியம்ஸ் 1883ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரூதர்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்தில் பிறந்து கரீபியத் தீவுகளில் வளர்ந்தவர். தாயார் போர்ட்டோ ரிக்கோ நாட்டவர். பாரிசு நகரில் ஓவியம் பயின்றவர். வீட்டில் ஸ்பானிய மொழி வழங்கியது. குடியேறியவர் வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்த அவர், பிற்காலத்தில் குடியேறியவர் வீடுகளுக்குள் அயலாராக நுழையாமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1906இல் பட்டம் பெற்றார். அங்கேதான் எஸ்ரா பவுண்டு அவருக்கு நண்பரானார். பின்னர் நியூயார்க்கு நகரில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றியபோது, பொய்க்கணக்கு அடங்கியதென்று தாம் கருதிய அறிக்கை ஒன்றில் கையொப்பமிட மறுத்துப் பதவியைத் துறந்தார். பெருநகரில் உயர்ந்த மருத்துவராகும் வாய்ப்பு அன்றோடு போயிற்று. 1909இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்று குழந்தை மருத்துவம் பயின்றார். 1910இல் பிறந்த ஊருக்கே திரும்பித் தொழில் தொடங்கினார். 1912இல் ஃப்ளாரன்ஸ் ஹெர்மனை மணந்தார். ரிட்ஜ் சாலை 9ஆம் எண் வீட்டில் இல்லமும் மருத்துவ அறையும் ஒருங்கே அமைந்தன. சற்றொப்ப நாற்பது ஆண்டுகள் அவ்வீட்டிலிருந்தே அவர் நோயாளரைப் பார்த்தார். இறக்கும்வரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தார்.

அவர் முதல் கவிதை நூல் 1909இல் சொந்தச் செலவில் உள்ளூர் அச்சகத்தில் அச்சாயிற்று. நான்கு படிகளே விற்றன என்று அவரே பின்னாளில் எழுதியுள்ளார். சொந்தச் செலவில் முதல் நூல் வெளியிட்ட கவிஞர்கள் இவ்வவையில் இருப்பின், அவர்கள் தனித்தவர் அல்லர்.

அவர் காலத்து எழுத்தாளர் பலர் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றனர். பவுண்டு சென்றார், எலியட் சென்றார். வில்லியம்ஸ் இடையிடையே ஐரோப்பா சென்றபோதும், ரூதர்ஃபோர்டுக்கே மீண்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மகப்பேறுகளுக்கு அவர் துணைநின்றார். பசேயிக் நகரப் பொது மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பிரிவின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 1918இல் இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோய் பரவியபோது மருத்துவர்கள் நாளொன்றுக்கு அறுபது அழைப்புகள் வரை ஏற்றுச் சென்றதாகத் தம் வரலாற்றில் குறித்துள்ளார்.

இவ்வளவு பணிக்கிடையே எழுதியது எவ்வாறு? மருத்துவ அறையின் மேசைக்குள் தட்டச்சுப்பொறி ஒன்று இருந்தது. ஒரு நோயாளி சென்று மற்றொருவர் வருவதற்குள் கிடைக்கும் ஐந்து நிமிடம், பத்து நிமிடத்தில் அதனை மேலேற்றித் தட்டுவார். வாயிலில் ஆள் அரவம் கேட்டதும் உள்ளே தள்ளிவிடுவார். கையருகில் கிடைத்த மருந்துச் சீட்டுத் தாளிலும் எழுதினார். இரவில் வீடு உறங்கிய பின் மாடியறையில் மீண்டும் எழுதினார். இவ்வாறு எழுதப்பட்டவை கவிதைத் தொகுதிகள், சிறுகதைகள், புதினங்கள், நாடகங்கள், கட்டுரைகள், ஐந்து பகுதிகள் கொண்ட 'பேட்டர்சன்' என்னும் நெடுங்கவிதை எனப் பலவாகும்.

பேசத் தெரியாத நோயாளி

ஆயினும் வில்லியம்ஸ் நேரத்தைத் திருடிக் கவிதை எழுதிய மருத்துவர் என்பதோடு நிறுத்தினால் அவரை அறிந்ததாகாது. அவரிடம் இரண்டு தொழில்கள் இல்லை. ஒரே தொழிலின் இருபக்கங்களே இருந்தன. 1951இல் வெளிவந்த தன்வரலாற்றில் மருத்துவத்தையும் கவிதையையும் பற்றித் தனி இயலே வகுத்து, ஒன்று மற்றொன்றுக்கு உணவாயிற்று என்ற பொருள்பட எழுதியுள்ளார். அது எவ்வாறு உணவாயிற்று என்பதே ஆராயத்தக்கது.

வளர்ந்தவர் நோயுற்றால் தம் நோயைத் தாமே சொல்லுவார். எங்கே வலி, எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பன எல்லாம் சொல்லில் வந்துவிடும். குழந்தைக்கு அச்சொல் இல்லை. அழுகை ஒன்றே அதன் மொழி; பசிக்கும் அதுவே, வலிக்கும் அதுவே, அச்சத்துக்கும் அதுவே. ஆகவே குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். மூக்கிதழ் விரியும் விதம், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுக்கும் விதம், உச்சிக்குழியின் மேடும் பள்ளமும், உதட்டின் நிறம், கை மடங்கியிருக்கும் நிலை இவற்றையெல்லாம் ஒன்றொன்றாகக் காண வேண்டும். பொதுவாகக் குழந்தைகள் எப்படியிருக்கும் என்ற அறிவு தேவைதான். ஆனால் தொட்டிலில் கிடக்கும் இந்தக் குழந்தை எப்படியிருக்கிறது என்பதே உயிரைக் காக்கும் அறிவு. சல்ஃபா மருந்துகள் 1930களிலும் பெனிசிலின் 1940களிலும்தான் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன்னர்த் தொழில் தொடங்கிய மருத்துவர்க்குக் கண்ணும் காதும் விரலுமே பெருங்கருவிகள்.

இப்பயிற்சி நாள்தோறும் பெற்ற ஒருவர் கவிதை எழுதுகையில் என்ன செய்வார்? பேசாத பொருள்களின் முன்னும் அவ்வாறே நிற்பார். வில்லியம்ஸ் கவிதைகளில் சாலையோரப் புல்லும், குளிர்காலத்து வெறுங்கிளையும், உடைந்த கண்ணாடித் துண்டும், மருத்துவமனைப் பின்புறமும், பழம் தின்னும் ஏழை மூதாட்டியும் வருகின்றனர். அவற்றின்மேல் அவர் உவமையை ஏற்றுவது அரிது. பொருள்களின் வழியன்றிக் கருத்தைச் சொல்லலாகாது என்பது அவர் கொண்ட கொள்கை. கருப்பொருளை நிறுத்தியே அகப்பொருளைப் புலப்படுத்தும் மரபில் வந்த தமிழ் வாசகர்க்கு இது புதுமையன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாடலில் குருகும் நண்டும் புன்னையும் திணை மரபின் பொருளைத் தாங்கி வருகின்றன. வில்லியம்ஸிடம் மரபு தந்த பொருள் ஏதும் இல்லை. பேசத் தெரியாத நோயாளியை முதன்முறை காணும் மருத்துவரைப் போல, ஒவ்வொரு பொருளையும் அவர் புதிதாகவே பார்க்க வேண்டியிருந்தது.

தாய்மார் தந்த மொழி

குழந்தை பேசாது, தாய் பேசுவாள். குழந்தை மருத்துவரின் செவிக்கு வரும் சொல்லெல்லாம் பெரும்பாலும் தாயின் சொல்லே. பசேயிக் ஆற்றங்கரைத் தொழில் நகரங்களில் வாழ்ந்தோர் இத்தாலியர், போலந்தியர், உருசியர், யூதர், கறுப்பினத்தவர் எனப் பலதிறத்தினர். ஆலைகளில் உழைத்தோர் அவர்கள். பட்டு நகர் எனப்பட்ட பேட்டர்சனில் 1913ஆம் ஆண்டு நெசவாலைத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். வில்லியம்ஸின் கவிதையிலும் அது இடம்பெற்றது. பிற நாட்டு நாவில் உடைந்தும் வளைந்தும் வந்த ஆங்கிலம், நள்ளிரவில் அச்சத்தோடு வந்த ஆங்கிலம், அடுக்களையில் நின்று பாதியிலே நிறுத்தப்பட்ட ஆங்கிலம் இவையே அவர் நாள்தோறும் கேட்டவை.

ஆங்கில யாப்பின் பழைய ஓசை அப்பேச்சுக்குப் பொருந்தவில்லை என்பதை அவர் செவி உணர்ந்தது. 1922இல் எலியட்டின் 'பாழ்நிலம்' வெளிவந்து புகழ்பெற்றபோது, கவிதை மீண்டும் கல்விக்கூடத்துக்குள் போய்விட்டதென அவர் பெரிதும் வருந்தினார். அவ்வருத்தம் எலியட்டுக்கு முழுநீதி செய்வதாகாது. ஆனால் அதன் வேர் எங்கிருந்தது என்பது தெளிவு. நூலகத்தில் பிறக்கும் மொழியைவிட, காய்ச்சலுற்ற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய் பேசும் மொழியை அவர் மிகுதியாக நம்பினார். அமெரிக்கப் பேச்சுமொழியின் நடையைக் கவிதைக்கு உரியதாக்கிய பெருமை அவர்க்கு உண்டெனில், அதில் பெயர் தெரியாத எத்தனையோ தாய்மார்க்கும் பங்குண்டு.

சினமும் தவறும்

மக்கள் மருத்துவர் என்றதும் புன்னகை மாறாத முகமும் வற்றாத பொறுமையும் நினைவுக்கு வருகின்றன. நினைவுமலர்களில் மருத்துவர்கள் அவ்வாறே எழுதப்படுகின்றனர். வில்லியம்ஸ் தம்மை அவ்வாறு எழுதிக்கொள்ளவில்லை. அவருடைய பெருமையில் இதுவே தலையாயது எனலாம்.

'பசேயிக் ஆற்றங்கரை வாழ்க்கை' என்ற தலைப்பில் 1938இல் வெளிவந்த தொகுதியில் 'பலப் பிரயோகம்' என்றொரு சிறுகதை உண்டு. மூன்று நாள் காய்ச்சலுடன் ஒரு சிறுமி. பள்ளியில் தொண்டை அடைப்பான் நோய் பரவியிருக்கிறது. மருத்துவர் தொண்டையைப் பார்க்க வேண்டும். சிறுமி வாயைத் திறக்க மறுக்கிறாள். அமெரிக்க நாட்டில் 1921ஆம் ஆண்டில் மட்டும் 2,06,000 பேர்க்கு இந்நோய் கண்டு 15,520 பேர் மாண்டனர் என்ற கணக்கை நினைவிற்கொண்டால், அவ்வாய் திறக்கப்பட வேண்டிய இன்றியமையாமை விளங்கும். தொண்டையில் படரும் சவ்வு மூச்சை அடைக்கும். நஞ்சு நெஞ்சைத் தாக்கும். முறிமருந்து பிந்தினால் பயனில்லை.

இன்சொல் பயனளிக்கவில்லை. சிறுமி பாய்ந்து அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிடுகிறாள். நாக்கை அழுத்தும் மரத்தகட்டைக் கடித்து நொறுக்குகிறாள். முடிவில் மருத்துவர் வெள்ளிக் கரண்டியால் வலிந்து வாயைத் திறக்கிறார். அங்கே நோயின் சவ்வு படர்ந்திருக்கிறது. தன் நோயை மூன்று நாள் மறைத்து வைத்திருந்தாள் அச்சிறுமி.

கதை அவ்வளவில் நின்றிருந்தால் அது கடமையின் கதை. ஆனால் கதை சொல்லும் மருத்துவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இறுதியில் தம்மைச் செலுத்தியது கடமை மட்டுமன்று, சினமும்தான், அச்சினத்தில் ஓர் இன்பமும் இருந்தது. தம்மோடு போரிட்ட அச்சிறுமியின் வீறினை வியந்ததையும் அவர் மறைக்கவில்லை. செய்த செயல் சரியானது. செய்தபோது இருந்த உள்ளம் தூயதன்று. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு அரிதினும் அரிது. பிள்ளையை அடக்கி மருந்து புகட்டிய தாய்மார்க்கும், வகுப்பறையில் குரலுயர்த்திய ஆசிரியர்க்கும் இக்கதை தம் கதையாகவே தோன்றும்.

அதே தொகுதியில் 'ஜீன் பைக்கி' என்பது மற்றொரு கதை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் எலும்பும் தோலுமாக மருத்துவமனைக்கு வந்த ஒரு பச்சிளங்குழந்தை அதன் தலைமகள். இத்தகைய குழந்தையைப் பிழைக்கவைத்து யாருக்கு என்ன பயன் என்ற கசப்பான வேடிக்கைப் பேச்சோடு கதை தொடங்குகிறது. ஆனால் அக்குழந்தை கொடுத்ததையெல்லாம் ஆவலோடு உண்கிறது. செவிலியரும் மருத்துவரும் தம்மையறியாமல் அதன்மேல் அன்பு கொள்கின்றனர். காய்ச்சல் மட்டும் நீங்கவில்லை, காரணமும் புலப்படவில்லை, குழந்தை இறந்துபோகிறது. பிணஆய்வில் காதின் பின்னெலும்பிற் சீழ் கோத்திருந்தது தெரிகிறது. உரிய வேளையில் கண்டு திறந்துவிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம்.

பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் பார்க்கத் தவறிய கதை இது. பேசத் தெரியாத நோயாளி கடைசிவரை தன் நோயைச் சொல்லவில்லை. சூழ்ந்து நின்ற கண்களும் அதைக் காணவில்லை. மருத்துவத்துறையில் தவறு பெரும்பாலும் கோப்புக்குள் அடங்கிவிடும். வில்லியம்ஸ் அதனைக் கதைக்குள் கொண்டுவந்தார். கண்ணீர் சிந்தவில்லை, பிறர்மேல் பழி சுமத்தவில்லை. ஏழைக் குழந்தையின் சாவுக்கு ஏழ்மையும் பொறுப்பு என்பதை மட்டும் கதைமுடிவில் சினத்தோடு உணர்த்தினார்.

ஒரு கட்டுக்கதையும் ஓர் உண்மையும்

வில்லியம்ஸின் கவிதைகளுள் மிகப்பலர் அறிந்தது, 'வசந்தமும் மற்றவையும்' என்ற 1923ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதை. ஆங்கிலத்தில் பதினாறே சொற்கள். இதைப் பற்றி வகுப்பறைகளில் ஒரு கதை வழங்குகிறது. சாகக் கிடந்த குழந்தை ஒன்றின் படுக்கையருகே அமர்ந்திருந்த மருத்துவர், சாளரத்தின் வழியே அவ்வண்டியைக் கண்டு எழுதினார் என்பது அக்கதை. உருக்கமானது, மாணவர்க்கு எளிதில் பதிவது. ஆனால் அதற்குச் சான்றில்லை.

வில்லியம்ஸே பின்னாளில் சொன்ன செய்தி வேறு. மார்ஷல் என்னும் கறுப்பின முதியவரிடம் தமக்கிருந்த அன்பிலிருந்து அக்கவிதை பிறந்தது. அவர் வீட்டுப் பின்புறத்தில்தான் அவ்வண்டியைக் கண்டேன் என்று அவர் குறித்துள்ளார். அம்முதியவர் யார் என்பது நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது. 2015ஆம் ஆண்டில்தான் பழைய மக்கள்தொகைப் பதிவுகளின் துணைகொண்டு, அவர் ரூதர்ஃபோர்டில் தெரு வாணிகம் செய்து வாழ்ந்த தாடியஸ் மார்ஷல் என்பது வெளிப்பட்டது. அடையாளமின்றிக் கிடந்த அவர் கல்லறைக்கு அவ்வாண்டிலேயே பெயர்க்கல் நாட்டப்பெற்றது. நடுகல் மரபறிந்த தமிழர்க்கு இச்செய்தி தனிப்பொருள் தரும்.

கட்டுக்கதை மருத்துவரை உயர்த்துகிறது. உண்மையோ மருத்துவரைப் பின்னே நிறுத்தி, தெரு வாணிகர் ஒருவரை முன்னே கொணர்கிறது. ஒரு தள்ளுவண்டியைச் சார்ந்தே ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்பதை அறிந்த கண் அது. ஊர் மருத்துவரின் கண்ணுக்கு அவ்வறிவு இயல்பானது.

இறுதி ஆண்டுகள்

1948இல் நெஞ்சுவலி கண்டது. 1951இல் பக்கவாதம் தாக்கியது. மருத்துவத் தொழிலைத் தம் மூத்த மகனிடம் ஒப்படைத்தார். மகனும் குழந்தை மருத்துவரே. 1952இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகர் பதவி அவர்க்கு வழங்கப்பெற்றது. இடதுசாரிச் சார்புடையவர் என்ற குற்றச்சாட்டு எழுந்ததால், அப்பதவியில் அவர் ஒருநாளும் அமரவில்லை. அவ்வாண்டிலேயே பக்கவாதம் மீண்டும் கடுமையாகத் தாக்கியது. வலக்கை பயனற்றது, படிப்பதும் இடர்ப்பாடாயிற்று. இடக்கை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார். நோயாளரின் உடலைப் படித்தவர் தம் உடலே தமக்கு அடங்காத நிலையில், முதிர்ந்த கவிதைகள் சிலவற்றைத் தந்தார். மனைவிக்கென எழுதிய நெடிய காதற் கவிதையும் அக்காலத்ததே. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணுகிறது. அந்நான்காம் இடத்தை வில்லியம்ஸின் வாழ்வில் நிறைத்தவர் ஃப்ளாரன்ஸ்.

1963ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். புலிட்சர் பரிசு இரண்டு திங்கள் கழித்து வந்தது.

அவர் வாழ்வு பிறர்க்கு என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். ராபர்ட் கோல்ஸ் என்னும் மாணவர் 'பேட்டர்சன்' நெடுங்கவிதையைப் பற்றி ஆய்வுரை எழுதி, அதன் வழியே வில்லியம்ஸின் நட்பைப் பெற்று, நோயாளர் இல்லங்களுக்கு அவருடன் சென்றார். இலக்கிய மாணவராக இருந்த அவர் மருத்துவம் பயின்று, குழந்தைகளின் மனநல மருத்துவராகப் புகழ்பெற்றார். 1984இல் வெளிவந்த வில்லியம்ஸின் மருத்துவக் கதைகளைத் தொகுத்தவரும் அவரே. ஒரு கவிதையைப் படித்தவர் குழந்தைகளின் படுக்கையருகே போய்ச் சேர்ந்தார். கவிதையால் என்ன பயன் என்று கேட்போர்க்கு இதைச் சொல்லலாம்.

அவையோரே, பணிச்சுமை கவிதையைக் கொல்லாது என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. சுமை மிகுந்து எழுத்து மடிந்த வாழ்வுகள் உண்டு. வில்லியம்ஸுக்கே அவ்வச்சம் இருந்தது. ஆயினும் பணியிடத்தில் வந்து நிற்கும் மனிதரை நேரத்தைத் தின்ன வந்தவராகக் காண்பதா, கவிதையின் வாயிலில் நிற்பவராகக் காண்பதா என்பது ஒவ்வொருவர் கையிலும் ஓரளவேனும் இருக்கிறது. கதவு தட்டப்படும் ஒலி கேட்டதும் தட்டச்சுப்பொறியை உள்ளே தள்ளிய மருத்துவர், அக்கதவின் மறுபக்கத்திலிருந்தே தம் அடுத்த வரி வருவதை அறிந்திருந்தார்.

சங்கத் தொகையாசிரியர்கள் அவர் பாடலைக் கோத்திருப்பின், பெயரை எவ்வாறு எழுதியிருப்பர்? விருதுகளையும் பதவிகளையும் விடுத்து, 'ரூதர்ஃபோர்டு மருத்துவன் வில்லியம்சனார்' என்றே எழுதியிருப்பர். அப்பெயரில் ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பாடியவர் இருக்கிறார். மூன்றும் ஒன்றையொன்று பிரியாமல் நிற்கின்றன.